சங்ககிரியிலிருந்து சேலத்துக்கு, ஏழாம் நாள்

காலை 8.10. சங்ககிரி பேருந்து நிலையத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மடிக்கணினிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தேன்.

"பக்கத்துல ஆளுங்களா?" என்றார் நடத்துநர்.

"ஆளில்லீங்க, பெட்டி."

"மடியில வச்சுக்கங்க, மகுடஞ்சாவடில கூட்டம் ஏறும்." சீட்டு முப்பத்தெட்டு ரூபாய்.

நான் லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவன். மனைவி போய் இரண்டு வருடமாகிறது. ஒரே மகள் அயர்லாந்தில். அம்மா காரியத்துக்கு வந்து போனவள்தான், அதற்குப் பிறகு என் பட்டன் போனில் குரல் மட்டும். போன ஞாயிறு, அவள் முகத்தைப் பெரிதாகப் பார்க்கும் ஆசையில் சேலத்தில் இதை வாங்கினேன். அன்று மாலையே பேசினோம். அவள் பளிச்சென்று தெரிந்தாள். என் முகம் வர வேண்டிய மூலைக் கட்டத்தில் மட்டும் வெறும் மஞ்சள் மூட்டம்.

"நான் தெரியறனா சாமி?" என்று கேட்டேன். அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே, "நல்லாத் தெரியறீங்கப்பா" என்றாள். சரி, அவளுக்குத் தெரிகிறது, நம் பக்கத்துத் திரையில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன்.

வைகுந்தம் சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது பில்லின் பின்புறத்தை இன்னொரு முறை படித்தேன். பெட்டி பிரித்தால் பணம் திரும்பாது. தயாரிப்புக் கோளாறு என்றால் ஏழு நாளுக்குள் வேறு தருவார்கள். வாங்கியவரால் வந்த சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல. அட்டை, தெர்மாகோல், சார்ஜர் எல்லாம் வேண்டும். நான் பிளாஸ்டிக் உறையைக்கூட மடித்து வைத்திருந்தேன். இன்றோடு கெடு முடிகிறது. விட்டால் சர்வீஸ் சென்டர், இருபது நாள் ஆகுமாம். இருபது நாள் நான் யார் முகத்தைப் பார்ப்பது?

காக்காபாளையம், கொண்டலாம்பட்டி தாண்டிப் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மணி 9.25. கடை இருக்கும் ஐந்து ரோட்டுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். கடை திறக்கப் பத்து மணி ஆனது. படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

விற்பனைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். திறந்து பார்த்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஏனுங்கய்யா, பூசை போட்டீங்களா?"

"புதுசுன்னா போடாம எப்படிங்க?"

எங்கள் ஊரில் புது லாரி வந்தால் முன்கண்ணாடியின் நடு உச்சியில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைப்போம். கை பழக்கத்தில் திரையின் நடு உச்சியிலும் வைத்திருந்தேன். காய்ந்த பிறகும் துடைக்க மனம் வரவில்லை.

"கேமரா கண்ணு மேலயே வச்சுட்டீங்க. மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்பிடி வர்றாங்க" என்று ஈரத்துணியால் துடைத்தாள். கட்டத்தில் கன்னம் ஒட்டிய ஒரு கிழவன் வந்தான். நான்தான்.

"கோளாறே இல்லீங்க, மாத்த வேண்டியதில்ல."

"அந்தப் பக்கம் பேசுனவங்களுக்கு நான் தெரிஞ்சிருப்பனா?"

"இல்லீங்கய்யா. உங்களுக்குத் தெரிஞ்ச அதே மஞ்சத்தான் அவங்களுக்கும்."

அவள் கட்டித் தந்த பெட்டியை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

திரும்பும் பேருந்தில் கூட்டமே இல்லை. பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டேன். மகள் திரையைப் பார்க்காமலே சொன்னாளா, நான் வருத்தப்படக் கூடாதென்று சொன்னாளா? மகுடஞ்சாவடி வரை ஒன்று தோன்றியது, அதன்பின் மற்றது. இரண்டுமே வலித்தன. போகும்போது ஒன்றேகால் மணி நேரம் எடுத்த அதே முப்பத்தெட்டு கிலோமீட்டர், வரும்போது முடியவே மாட்டேன் என்றது.

மாலை 6 மணி. வீட்டில் மேசை மேல் திறந்து வைத்து அழைத்தேன். அடுப்படியில் நின்றிருந்த மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, கரண்டியை வைத்துவிட்டுத் திரையருகே வந்தாள்.

"அப்பா, எப்பப்பா இவ்வளவு இளைச்சீங்க?"

"கேமராவுல கோளாறு சாமி" என்றேன். "நாளைக்குக் கடையில மாத்திக் குடுத்துருவாங்க."