கித்தேரியம்மாள் வளர்த்த வேட்டை நாய்

ஜெர்மன் துரை கப்பலேறப் புறப்பட்ட அன்று, கித்தேரியம்மாள் கையில் நாயின் சங்கிலியைக் கொடுத்து, “ஆறு மாசம்தான், கித்தேரி” என்றார். அது 1956. அவருடைய கொடைக்கானல் பங்களாவில் பதினோரு வருஷம் சமைத்தவள் அவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. ஆறு மாசம் கழித்துத் துரையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பங்களா கைமாறியதும், நாயோடு மாதா கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறைக்குக் குடிவந்து, ஒரு ஓட்டலில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்தாள்.

நாயின் பேர் ஹெக்டர். அவள் வாயில் அது எட்டர். ஈரல் நிறம், நறுக்கிய வால். மோப்பம் பிடிக்கும், பறவை பதுங்கிய இடத்தைக் காட்டும், சுட்டது தண்ணீரில் விழுந்தாலும் நீந்திப் போய்க் கவ்வி வரும். எல்லா வேட்டைக்கும் ஆன சாதி என்பார் துரை.

வெள்ளனே எழுந்து புல்மேட்டுக்குக் கூட்டிப்போவாள். மழைக்காலத்தில் அதன் மூக்குக்குள் அட்டை ஏறிவிடும். தலையை மடியில் இடுக்கிக்கொண்டு உப்புத்தண்ணீர் விடுவாள். அது தும்மித் தும்மி அவள் சேலையெல்லாம் ரத்தமாக்கும். சாயங்காலம் ஓட்டலில் நடந்ததை ஒன்று விடாமல் அதனிடம் சொல்லுவாள். வேறு யாரிடம் சொல்ல?

ஒன்றுதான் அவளை வாட்டியது. புதருக்கு முன்னால் சட்டென்று நிற்கும். ஒரு முன்னங்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, கல்லாட்டம் நிற்கும். வெடிச் சத்தத்துக்காகக் காத்திருக்கும். அவள் கையைத் தட்டுவாள். காட்டுக்கோழி படபடத்துப் பறந்துவிடும். எட்டர் திரும்பி அவளைப் பார்க்கும்.

அப்படி நின்ற ஒரு நாள் திருமலைச்சாமி பார்த்துவிட்டார். பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர், லைசன்ஸ் துப்பாக்கிக்காரர்.

“ஏம்மா, இது சோலி தெரிஞ்ச நாயில்ல? சும்மா வச்சிருக்கீங்களே.”

“சும்மா ஒண்ணும் இல்லீங்க. சோறு போட்டு வளக்குறேன்” என்றாள் வெடுக்கென்று.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாயோடு அவர் ஜீப்பில் ஏறினாள். தோட்டத்து ஓடைக்கரையில் எட்டர் நின்றது. துப்பாக்கி வெடித்தது. ஓடைக்குள் பாய்ந்து கோழியைக் கவ்விக்கொண்டு, ஒரு இறகும் கசங்காமல் கொண்டுவந்து திருமலைச்சாமி காலடியில் உட்கார்ந்து நீட்டியது. பக்கத்தில் நின்றவளை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு வருஷத்தில் அந்த முகத்தில் அப்படியொரு களையை அவள் கண்டதில்லை.

“நீங்களே வச்சுக்கங்க. மழை நாள்ல மூக்கைப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். சங்கிலிக்குக் காசு தருகிறேன் என்றார், அதைக்கூட வாங்கவில்லை.

மாசம் ஒருமுறை போய்ப் பார்ப்பாள். அவள்மேல் தாவி முகத்தை நக்கும். ஜீப் உறுமினால் ஓடிவிடும்.

அறுபத்து மூணு தை மாசம், ஓட்டல் பின்வாசலில் திருமலைச்சாமி வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

“எட்டரைக் காட்டுப்பன்னி குத்திருச்சும்மா. குண்டடி பட்ட பன்னி. விடாம தொரத்திட்டுப் போனவன், அங்கயே உசுர விட்டுட்டான்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“காலையில சாப்பிட்டுச்சா?”

“கறியும் கஞ்சியும். தட்டை நக்கி வச்சான்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு, ரெண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். ஒன்றை அவரிடம் நீட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“எந்த எடத்துலன்னு வெவரமா சொல்லுங்க” என்றாள். அவர் சொல்லத் தொடங்கினார்.