காய்ச்சல் என்று சொன்ன நாள்

எங்கள் பெரியப்பாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் கல்யாண வீடு மாதிரி. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். துணைக்கு ஓர் ஆம்பளை இல்லாமல் போனால் அங்கே யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

நான் நாலாவது படிக்கும்போது அம்மாவின் மார்பில் ஒரு கட்டி வந்தது. அதை அவள் சின்னம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்; அப்பாவிடம்கூட, உடம்பு சரியில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பாவால் சவாரியை விட்டு வர முடியவில்லை. தன் அண்ணனான பெரியப்பாவை அனுப்பிவைத்தார். அம்மா வேண்டாம் என்றாள். யார் கேட்டார்கள்? பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

அடையாறில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் இடத்தில் கண்ணாடித் தடுப்பு. அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் ஓர் இளம்பெண். இந்தப் பக்கம் வரிசை எங்கள் முதுகை இடித்துக்கொண்டு நின்றது. பெரியப்பா அம்மாவுக்குப் பக்கத்திலேயே, கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் எதிரில் அம்மா உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

"என்ன பண்ணுதும்மா உங்களுக்கு?" என்றாள் அந்தப் பெண்.

அம்மா குனிந்து ஓட்டைக்குள் ஏதோ சொன்னாள்.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க. எந்த டாக்டர்னு பார்த்துத்தான் சீட்டு போடணும்."

"சொல்லும்மா," என்றார் பெரியப்பா. "அந்தப் பொண்ணு இன்னா உன்ன முழுங்கிடவா போவுது?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா நிமிர்ந்தாள்.

"காய்ச்சல்."

அதை மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

காய்ச்சல் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். பெரியப்பா அங்கேயும் கூடவே நுழைந்தார். டாக்டர் தொட்டுப் பார்த்து, இப்போது காய்ச்சல் இல்லையே என்றார். "நைட்ல அடிக்குது சார்," என்று அம்மாவுக்குப் பதிலாகப் பெரியப்பாவே சொன்னார். மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிட்டு, எல்லாம் சட்டென்று முடிந்த பெருமையோடு வேலைக்குப் போனார். அவர் நல்லவர். அதுதான் என்னால் தாங்க முடியாதது. திட்டித் தீர்க்கக்கூட எனக்கு ஆள் கிடையாது.

அம்மா மறுபடி அங்கே போகவில்லை. சின்னம்மா கேட்டபோதெல்லாம் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்னாளாம், பொய்யும் இல்லை. கட்டி புண்ணாகி, வாடையை மறைக்க முடியாமல் போன பிறகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. அதற்குமேல் எந்த டாக்டராலும் செய்ய ஒன்றும் இல்லை. நான் ஆறாவது சேர்ந்தபோது தலை பின்னிவிட அம்மா இல்லை.

ஆனால் அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் பீச்சுக்குப் போகலாம் என்று நச்சரித்தேன். எப்போதும் முறைக்கிற அம்மா, உடனே பெசன்ட் நகர் பஸ்ஸில் ஏற்றினாள். பகல் வெயிலில் கடற்கரை காலியாகக் கிடந்தது. மாங்காய் வாங்கித் தந்தாள். நான் அலையில் விழுந்து புரண்டேன். துணியை நனைத்ததற்குத் திட்டவே இல்லை. மணலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் மடியில் விழுந்தேன்.

"உனக்கு மறுபடியும் எப்பம்மா காய்ச்சல் வரும்?"

அம்மா முந்தானையை என் தலைமேல் போட்டு முகத்தையும் சேர்த்து மூடித் துவட்டினாள். ரொம்ப நேரம் துவட்டினாள். முடி நன்றாகக் காயட்டும் என்றுதான் விடாமல் துவட்டுகிறாள் என்று நினைத்தேன்.