யப்பான் பாடகரும் என் நன்றியுரையும்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு கடவுள் இருந்தார். யப்பானில் சிறுவர் தொலைக்காட்சித் தொடர்களுக்கு முகப்புப் பாட்டுப் பாடுகிறவர். காதல் பாட்டுப் பாடவென்று வந்த மனிதராம். முதல் வாய்ப்பு ஒரு பறக்கும் இயந்திர மனிதனுக்காகத் தொண்டை கிழியப் பாடுவதாக அமைய, அதற்குப் பிறகு நாற்பது வருடமாக அவரை வேறு எதற்கும் யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் இருக்கும் மொன்றியலில் அவருடைய குரல்கூடக் கேட்காது. தொடரைப் பிரெஞ்சுக்கு மாற்றும்போது பாட்டையும் மாற்றிவிடுவார்கள். இவளோ ஒரு பாட்டு இணையத்திலிருந்து இறங்க ஒரு மணித்தியாலம் காத்திருந்து, ஒரு சொல்லும் விளங்காமல் அத்தனையையும் பாடமாக்கினாள். செபமாலையின் ஐந்து காரணிக்கத்தில் இரண்டாவதிலேயே தூங்கி விழுகிற பிள்ளை.

கார்ட்டூன் ரசிகர்களின் மாநாடொன்றுக்கு அவர் மொன்றியல் வந்தார். ஞாயிறு பின்னேரம் எங்கள் தமிழ்க் கலைவிழா இருக்கிறது, வந்து என்னோடு ஒரு பாட்டுப் பாடுவீர்களா என்று மகள் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினாள். வருகிறேன் என்று பதில் வந்தது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

நான் விழாக் குழுவின் செயலாளர். தலைவரிடம் சொன்னேன்.

"யப்பான்காரனோ? பெரிய பாடகரோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை, நாப்பது வருசமாப் பாடுறார்."

எதைப் பாடுகிறார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அழைப்பிதழில் 'யப்பானிய இசைச் சக்கரவர்த்தி' என்று அச்சாகிவிட்டது.

விழா நடந்தது கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். ஐந்து மணிக்கு அங்கே ஒரு பிலிப்பினோ கல்யாண வீடு, அதற்கு முன் காலி செய்துவிட வேண்டும். சக்கரவர்த்தியை முன்வரிசையில் இருத்தி, ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று ஒன்றும் விடாமல் பேசித் தள்ளினோம். ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யிலிருந்து வந்த ஒருவர் யப்பானுக்கும் தமிழுக்கும் உள்ள உறவைப் பற்றி முக்கால் மணித்தியாலம் ஆராய்ந்தார். உறவு இருந்ததோ என்னவோ, அந்தப் பேச்சுக்குப் பிறகு இருந்திருக்காது. நடுவில் நான்கு பேர் நான்கு பொன்னாடை போர்த்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் எழும்பிக் குனிந்தார். மேடை ஓரத்தில் மகள், கையில் ஒலிவாங்கியோடு, மூன்று மணித்தியாலமாக நின்றாள்.

பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. பாட்டும் என் நன்றியுரையும் பாக்கி.

"அம்மா, பாட்டு ஒண்டரை நிமிசம்தான். முதல்ல பாடட்டா?"

பாட்டு முடிந்ததும் சனம் ரோல்ஸ் தின்ன எழும்பிவிடும், என் நன்றியுரையை ஒரு காக்காயும் கேட்காது என்று எனக்குத் தெரியும். இரண்டு இரவு இருந்து எழுதிய உரை. எங்கள் ஆட்களிடம் எதை மறந்தாலும் மன்னிப்பு உண்டு, நன்றியுரையில் ஒரு பெயர் விடுபட்டால் கிடையாது. விடுபட்டவர், பூசையில் எல்லாரும் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும்போதும் கை தரமாட்டார்.

"கொஞ்சம் பொறு பிள்ளை, இந்தா முடியுது" என்றேன்.

நாற்பத்து மூன்று பெயர். ரோல்ஸ் பொரித்தவர், கதிரை அடுக்கியவர், கதிரை அடுக்க வருவதாகச் சொல்லி வராமல் விட்டவர். கடைசியில், எழுதி வைத்திருந்தபடியே, "தேன் குரலால் எம்மை மெய்மறக்கச் செய்த யப்பானியப் பாடகருக்கும் நன்றி" என்று வாசித்தேன். சனம் கைதட்டியது. பாடாத பாட்டுக்கு அப்படியொரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மண்டபக் காவலாளி வந்து ஒலிபெருக்கியை நிறுத்தினார். வாசலில் மணப்பெண் நின்றாள்.

திரும்பி வரும் பேருந்தில் மகள் பிரெஞ்சில் பேசினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. அவர் வெளிக்கிடும்போது நான்கு பொன்னாடையோடும் இவளிடம் வந்து, இடுப்பு வரை குனிந்து, உன்னோடு பாட முடியாமல் போய்விட்டது, மன்னித்துக்கொள் என்றாராம்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நான் வாய் திறப்பேன் என்று அவள் பேருந்து இரண்டு தரிப்பிடம் தாண்டும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று பேருக்கு நன்றி சொன்ன வாய். வீட்டுக்குப் போய் அவளுக்குச் சோறு போட்டேன், பொரித்த முட்டையும் வைத்தேன், பள்ளி உடுப்பை அழுத்தி மடித்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.