மின்னி பே ஏற்றமும் புது கார்பரேட்டரும்

அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேயரில் வாடகைக் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒரே பெண் என் அக்கா. அத்தான் காய்ச்சலில் போனபின் அவருடைய பழைய கறுப்புக் கார் அவள் கைக்கு வந்தது. அவளுக்கு ஓட்டத் தெரியாது, நான்தான் ஓட்டினேன். ஆனால் வண்டி எங்கே போக வேண்டும், யாரை ஏற்றலாம், யாரை ஏற்றவே கூடாது என்பதெல்லாம் அவள் தீர்மானம். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே தீர்மானிப்பாள்.

எல்லாம் சரிதான், மின்னி பே ஏற்றம் ஒன்றைத் தவிர. எங்கள் வீடு அந்த ஏற்றத்தின் உச்சியில் இருந்தது. நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் வண்டி பாதி வழியில் மூச்சு வாங்கும். அதனால் அடியில் நிறுத்துவேன். சவாரிகள் தாங்களாகவே கதவைத் திறந்து இறங்கி நடப்பார்கள். நான் வெறும் வண்டியை மேலே கொண்டுபோய் அவர்களுக்காகக் காத்திருப்பேன். ஊருக்கே பழகிப்போன ஏற்பாடு அது, எனக்குத்தான் உடம்பு கூசும். வாடகை கொடுத்தவன் வெயிலில் நடக்க, டிரைவர் மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்து போவது எந்த ஊர் நியாயம்?

அத்தானின் காரியத்துக்கு மெயின்லேண்டிலிருந்து வந்த அவருடைய அண்ணனும் அந்த ஏற்றத்தில் நடக்க வேண்டியதாயிற்று. சட்டை முதுகோடு ஒட்டிப்போய் மேலே வந்து சேர்ந்தார். கப்பலுக்குத் திரும்பும் முன் அக்காவிடம் சொன்னார்:

"ஆளை எறக்கிவிடுற வண்டிய வச்சுக்கிட்டு எப்படிம்மா பொழைப்ப? மழை முடிஞ்சதும் திரும்ப வருவேன். அப்பவும் வண்டி இப்படியே இருந்துச்சுன்னா வித்துட்டு என்கூட ஊருக்கு வந்துரு. ஒத்தைப் பொம்பளைய தீவுல விட்டுட்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சங்கடம். அக்கா "சரி" என்றாள். ஊரில் அவளுக்காகக் காத்திருந்தது அவர் வீட்டுச் சமையலறையும், கடைசிப் பந்தியில் ஓர் இலையும். இங்கே கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் அவளைக் கண்டால் கூலிக்காரர்கள் வழி விடுவார்கள். அவள் ஊருக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அபர்டீன் பஜாரில் உதிரி சாமான் கடை வைத்திருந்த பாய்தான் முதலில் பேச்செடுத்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது கார்பரேட்டர். எங்கள் வண்டியோடு வந்ததற்கு வாய் சிறியது. மெட்ராஸில் டாக்சிக்காரர்கள் வேறு கம்பெனி செய்து விற்கும் அகன்ற வாய்க் கார்பரேட்டரை வாங்கி மாட்டுகிறார்களாம், ஏற்றத்தில் வண்டி பிய்த்துக்கொண்டு போகிறதாம். நான் வீட்டில் வந்து சொன்னதும் அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"வரவழைக்கச் சொல்லு," என்றாள். தன் தோட்டைக் கழற்றியபடியே சொன்னாள்.

அடுத்தடுத்த கப்பல்களில் வராமல் போக்குக் காட்டிவிட்டு, ஒருவழியாக வைக்கோல் திணித்த பெட்டியில் சாமான் வந்தது. எங்கள் ஊர் டாலிகஞ்சில் தகரக் கொட்டகை போட்டிருந்த மலையாளி மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆனால் வேலையில் இறங்கியபின் அந்த மனிதரின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எஞ்சின் பக்கத்துத் துளை புதிய வாயைவிடக் குறுகலாக இருந்ததால் அரத்தால் ராவி ராவி விரித்தார். இடுக்கை அடைக்கும் பாக்கிங் கிடைக்கவில்லை, செருப்புப் பெட்டி அட்டையை வெட்டி எண்ணெயில் ஊறவைத்து வைத்தார். ஆக்சிலேட்டர் கம்பி எட்டவில்லை, ஒரு சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் கொக்கி போட்டு இழுத்துக் கட்டினார். தீவில் எந்தக் கடையில் எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு வேலை செய்கிறவரின் அழகு அது.

விமானத் திடல் பக்கத்துச் சமதரையில் வண்டி பறந்தது. நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். பின்சீட்டில் அக்காவும் மெக்கானிக்கும் இருந்தார்கள். அப்படியே மின்னி பேக்கு விட்டேன். ஏற்றத்தில் பாதிவரை கம்பீரமாகப் போனது. பிறகு இரண்டு இருமல் இருமி நின்றது. கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் செய்தால் உயிர் வந்தது, நாலு வீடு தாண்டியதும் மறுபடி செத்தது. முன்பாவது வெறும் வண்டி மேலே போகும், இப்போது ஏற்றம் என்றாலே மறுத்தது.

"நஹி சலேகா, சேச்சி. இந்த எஞ்சினுக்கு இது ஆகாது. பழசே போடலாம்," என்றார் மெக்கானிக்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மெட்ராஸ்காரனை, பாயை, ஏற்றத்தை, எல்லாரையும் திட்டினேன். அத்தானின் அண்ணன் வரும் கப்பல் ஏற்கெனவே மெட்ராஸிலிருந்து கிளம்பியிருந்தது. அக்கா மட்டும் இறங்கி வந்து எஞ்சினருகே குனிந்தாள்.

"ஏன்டா தம்பி, செத்தது கொஞ்ச நேரத்துல எப்படிப் பொழைக்குது?" என்றாள். "பசிச்ச பிள்ளை மாதிரில்ல பண்ணுது. ஏத்தத்துல அதுக்குப் பெட்ரோல் பத்தலடா, நின்னாத்தான் ஊறுது. அந்தக் கிண்ணத்தைத் திறங்க."

கிண்ணம் என்றால், பெட்ரோல் குழாய் வழியில் இருந்த ஒரு சிறு வடிகட்டி. அந்தக் காலத்தில் தீவுக்குப் பெட்ரோல் டிரம்மில்தான் வரும். துருவும் உப்புத்தண்ணீரும் அதோடு சேர்ந்தே வரும். கிண்ணத்துக்குள் இருந்த கம்பிச் சல்லடையை உப்பு தின்றுவிட்டதால், பாப்ளின் துணியை மூன்றாக மடித்து அக்கா ஓர் உறை தைத்துப் போட்டிருந்தாள். அவள் உறையைப் பார்த்து மற்ற டிரைவர்களும் ஆளுக்கொன்று தைத்து வாங்கினார்கள். அவளுக்கு அதில் ரொம்பப் பெருமை.

மெக்கானிக் உறையை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை ஒரு டம்ளரின் வாயில் பிடித்து, அதில் பெட்ரோல் ஊற்றச் சொன்னாள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. வேடிக்கை பார்க்க நின்ற இரண்டு டிரைவர்களின் காதிலும் விழும்படி சொன்னாள்:

"கார்பரேட்டர்ல ஒண்ணுமில்ல. கோளாறு என் தையல்ல இருக்கு. சின்ன வாய்க்காரனுக்குத் தச்சதைப் பெரிய வாய்க்காரனுக்குப் போட்டா?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் வேலை பார்த்துவிட்டேன். தன் பெருமை எதில் இருக்கிறதோ அதிலேயே குற்றம் என்று, யாரும் சொல்லும் முன் தானே சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று அவளை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"துணியை எடுத்துட்டா?" என்றேன்.

"துரு உள்ளே போகும், ஒரு வாரம் தாங்காது," என்றார் மெக்கானிக்.

"எடுக்க வேணாம், மடிப்பையும் குறைக்க வேணாம்," என்றாள் அக்கா. "துணியக் கூட்டணும்."

வீட்டுக்குப் போய், அதே பாப்ளினை நீளமாக வெட்டி, குழந்தைப் பாவாடைக்கு வைப்பது போல நெருக்க நெருக்கச் சுருக்கு வைத்துத் தைத்தாள். அதே கிண்ணத்துக்குள் இப்போது பல மடங்கு துணி, பெட்ரோல் புக அவ்வளவு இடம். டம்ளரில் பிடித்தபோது குழாயைத் திறந்ததுபோல இறங்கியது. மெக்கானிக் அதை விரலால் விரித்துப் பார்த்து, "பஹுத் அச்சா, சேச்சி. எனிக்கும் பத்து வேணும்," என்றார்.

கப்பல் வந்த அன்று ஹேடோ ஜெட்டிக்கு அக்காவும் வந்தாள். வழியில் அந்த டிரைவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டாள். வண்டி கனக்க வேண்டுமாம். அத்தானின் அண்ணன் தன் டிரங்குப் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மின்னி பே ஏற்றத்தின் அடிக்கு வந்ததும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்குவதற்காகக் கதவில் கை வைத்தார்.

"உக்காருங்க," என்றாள் அக்கா பின்னாலிருந்து.

நான் மிதித்தேன். பாதி வழி வந்தது. போன தடவை நின்ற இடம் வந்தது, தாண்டியது. எஞ்சின் ஓர் இருமல்கூட இருமவில்லை. அவர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை, வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகுதான் எடுத்தார். இறங்கி ஏற்றத்தைத் திரும்பிப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான்ம்மா இருக்கு," என்றார்.

அக்கா டிக்கியைத் திறந்து அவருடைய பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"கிளம்புற அன்னைக்கு உங்களை இதே வண்டில கொண்டுபோய் ஜெட்டில விட்டுட்டு வரத் தம்பிகிட்ட சொல்றேன்," என்றாள்.