கடிவாங்கி தேர்ந்தெடுத்த நாய்

என் தம்பிக்கு ஊரில் கடிவாங்கி என்று பெயர். யாரையும் குறை சொல்ல முடியாது, அவன் தொழிலே அதுதான். நாய்களைப் பழக்கும் மைதானத்தில் அவன் திருடனாக வருவான். இடது கையில் தோளிலிருந்து விரல் நுனி வரை தடித்த உறை ஒன்றை மாட்டிக்கொள்வான். உள்ளே கெட்டித் தோல், நடுவில் பஞ்சு, மேலே சாக்கு. சாக்குக் கை என்பார்கள். முதுகைக் கூனி, தரையை உதைத்து, தொடையைத் தட்டி நாயைச் சீண்டுவான். அது பாய்ந்து அந்தக் கையைக் கவ்வும். கொஞ்ச நேரம் போராடிவிட்டு அசையாமல் நிற்பான். நாயின் சொந்தக்காரர் நிதானமாக "விடு" என்று சொன்னதும் அது விட்டுவிடும். சில நாள் உறையைக் கழற்றி நாயிடமே கொடுத்துவிடுவான். அது சாக்குக் கையை வாயில் வைத்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடும். சம்பாதிக்க எத்தனையோ வழி இருக்க, இவனுக்கு இதுதான் கிடைத்தது.

நான் வண்டி இருக்கைக்கு உறை தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். கிழிந்த சாக்குக் கையைத் தைப்பது என் தலையில்தான் விழும்.

"மாப்பிள்ளை என்ன வேலை பாக்கிறாருன்னு பொண்ணு வீட்டுல கேட்டா நான் என்னடா சொல்லட்டும்? நாய்க்கடி வாங்குறார்னா?" என்பேன்.

"சொல்லுக்கா. பொறுமையான பையன்னு நினைச்சுக்குவாங்க."

அவனிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது.

நாய் வாங்கும் பேச்சு எங்கள் வீட்டில் சும்மா வரவில்லை. என் கணவருக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை, பகலில் தூங்குவார். ஒரு மத்தியானம் இரண்டு பேர் பின்சுவர் ஏறிக் குதித்து, இரும்புக் கம்பியால் சமையலறைக் கதவை நெம்பியிருக்கிறார்கள். சத்தம் கேட்டு எழுந்து வந்த மனுஷனை அதே கம்பியால் மண்டையில் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள், பாவிகள். நான் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். முன்னால் ஓடியவள் அப்பாவின் ரத்தத்தில் வழுக்கி விழுந்தாள். அவர் தலைத்தோல் பிய்ந்து காதுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த என் கண்ணை இன்னும் கழுவ முடியவில்லை.

பிழைத்துவிட்டார். ஆனால் பழைய ஆள் இல்லை. கதவு தட்டினால் உடம்பு தூக்கிப்போடும். திருடர்கள் விட்டுப்போன கம்பியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் தூக்கிப் போடவில்லை.

எந்த நாய் என்று வீட்டில் பெரிய சண்டை. கணவருக்குப் பெரிதாக, கறுப்பாக, பார்த்தாலே எவனும் வேட்டி அவிழ ஓடும்படி ஒன்று வேண்டும். மகளுக்கு மடியில் வைத்துக் கொஞ்ச வெள்ளையாக ஒன்று வேண்டும். எனக்குச் சோபாவைக் கடிக்காத எதுவும் போதும்.

"லேப்ரடார் வாங்கலாமே. சாதுன்னு சொல்றாங்க," என்றேன்.

"ரொம்ப சாது. வாலை ஆட்டிக்கிட்டே திருடனுக்கு பீரோவைக் காட்டிக் குடுக்கும்," என்றான் தம்பி.

"ராட்வைலர்?" என்றார் கணவர்.

"நல்ல நாய்தான் அத்தான். ஆனா அதுக்கு ஒருத்தர் கூடவே நிக்கணும். நீங்க பகல்ல தூங்குறீங்க, அக்கா கடைக்குப் போயிடுது. பாப்பாவுக்கு அதைப் பிடிச்சு நிறுத்தத் தெம்பு பத்தாது. குரைக்கத் தெரியணும், கடிக்கத் தெரியணும், குழந்தைகிட்ட ரெண்டையும் மறக்கத் தெரியணும். ஷெப்பர்டுல பொட்டை ஒண்ணு இருக்கு. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

மறுநாள் மைதானத்துக்குக் கூட்டிப்போனான். அவன் காட்டிய நாய் படுத்திருந்த ஒய்யாரத்தைப் பார்த்து என் கணவர் அதற்கு அம்மணி என்று பேர் வைத்தார். தம்பி மகளை அதன் பக்கத்தில் உட்கார வைத்து, காதை இழுக்கச் சொன்னான். தின்னும்போது தட்டில் கையை விடச் சொன்னான். முதுகுக்குப் பின்னால் தகர வாளியைத் தடாலென்று போட்டான். அம்மணி திரும்பிப் பார்த்துவிட்டு மகளின் மடியில் தலையைச் சாய்த்தது. பிறகு அவன் சாக்குக் கையை மாட்டிக்கொண்டு வந்தான். அதே நாய் எழுந்து போய் அவனைக் கீழே தள்ளி உருட்டியது. என் கணவர் பல மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

அம்மணி வந்த பிறகு வீட்டுக்கு உயிர் வந்தது. சுவரோரம் யார் நின்றாலும் குரல் கொடுக்கும். மகள் எங்கே போனாலும் பின்னாலேயே போகும், அவள் குளிக்கும்போது கதவடியில் படுத்துக்கிடக்கும். கணவர் கம்பியைத் தொடாமலே தூங்கினார். எனக்கு அது போதும்.

ஒருநாள் பள்ளிப் படிக்கட்டில் விழுந்து மகள் கையை உடைத்துக்கொண்டாள். இடது கை. நான் கடையிலிருந்து வரத் தாமதமாகும் என்று தம்பிதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மாவுக்கட்டுப் போட்டு சாயங்காலம் கூட்டிவந்தான். நான் அப்போதுதான் வீட்டுக்குள் வந்திருந்தேன். கணவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். மகள் மாவுக்கட்டை அம்மணிக்குக் காட்ட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். விரல் நுனி முதல் முழங்கைக்கு மேல்வரை தடித்துப்போய், சொரசொரவென்று துணி சுற்றிய கை. அதை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள்.

அம்மணி படுத்த இடத்திலிருந்து கிளம்பியதை நான் பார்த்தேன். வால் ஆடியதா என்று தெரியவில்லை. பாய்ந்து கட்டைக் கவ்வி அவளைத் தரையில் சாய்த்துவிட்டது.

மகள் வீறிட்டாள். கையை இழுக்க இழுக்க அது தலையை உதறியது. உடைந்த எலும்போடு அந்தக் கை உள்ளே ஆடுகிறது, மாவு நொறுங்கித் தெறிக்கிறது. "விடு, விடு" என்று கத்தினேன். அது அசையாத ஆளைக் கவ்விக்கொண்டு அமைதியான குரலில் கேட்டுப் பழகிய சொல். துடிக்கும் குழந்தைக்கு மேல் நான் கத்திய கத்தல் அதற்கு எங்கே எட்டும்? தம்பி சொன்னாலும் கேட்காது. திருடன் சொன்னால் விடக் கூடாது என்று அதைப் பழக்கியதே அவன்தான்.

அவன் ஒரு கணம் நின்றான். பிறகு முதுகைக் கூனினான். தரையை உதைத்தான், தொடையைத் தட்டினான், பல்லைக் கடித்து உறுமினான். என் வீட்டுக் கூடத்தில் திருடனாக நின்று வெறும் இடது கையை அதன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

அம்மணி குழந்தையை விட்டுவிட்டு அவனைப் பிடித்தது.

பல் சதைக்குள் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. மணிக்கட்டிலிருந்து ரத்தம் குழாய் திறந்த மாதிரி ஓடியது. அவன் கத்தவில்லை, கையை இழுக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் அசையாமல் நின்றான்.

"அக்கா, இப்போ சொல்லு. மெதுவாச் சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் கம்பியோடு வந்துவிட்டார். கண்ணு மண்ணு தெரியாமல் அதன் முதுகில் போட்டார்.

அடி விழுந்ததும் தாடை இன்னும் இறுகியது.

"அடிக்காதீங்க அத்தான். அடிக்க அடிக்க இறுக்கும்."

அவர் காதில் எதுவும் விழவில்லை. மண்டையில் அடித்தார், மறுபடி மண்டையில் அடித்தார். யாரை அடித்தார் என்று எனக்குத் தெரியும், நாயை அல்ல. ஒவ்வொரு அடிக்கும் தம்பியின் கைக்குள் ஏதோ முறிந்தது. அம்மணி ஒரு தடவைகூட அவரைத் திரும்பிக் கடிக்கவில்லை. காலை நீட்டி விழுந்த பிறகும் பல் கையிலேயே இருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பித்தான் வாயைப் பிரித்தேன்.

மகளின் கையை மாவுக்கட்டே காப்பாற்றியிருந்தது. புதுக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். தம்பியைப் பல நாள் வைத்திருந்தார்கள். நரம்பு அறுந்துவிட்டது, கடைசி மூன்று விரலும் இனி மடங்காது. "உன் நாயும் வேண்டாம், உன் தொழிலும் வேண்டாம், நாசமாப் போகட்டும்" என்று அவன் கட்டிலருகே உட்கார்ந்து திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். என் கணவர் வாசலோடு வந்து வாசலோடு போவார். தம்பி மட்டும், "அம்மணியை எங்கே புதைச்சீங்க?" என்று கேட்டான்.

கட்டுப் பிரித்த பிறகும் மகள் அவன் பக்கம் போகவில்லை. அவன் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். பயந்திருக்கிறாள் என்று நினைத்தோம். ஒரு சாயங்காலம் அவன் அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன கண்ணு, மாமா மேல கோவமா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அம்மணி திருடனை மட்டும்தான் கடிக்கும்னு அப்பா சொன்னார்ல?"

"ஆமா."

"நான் பக்கத்துல உக்கார்ற பொண்ணோட பச்சை பென்சிலை எடுத்துட்டேன். யாருக்கும் தெரியாது. அதுக்கு எப்படி மாமா தெரிஞ்சுது?"

இத்தனை நாளும் இந்தப் பிஞ்சு இதை வைத்துக்கொண்டா தூங்கியது?

தம்பி நல்ல கையால் அவளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"அதுக்குப் பென்சிலும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அது உன்னைத் திருடின்னு நினைக்கல. என்னைன்னு நினைச்சுது. தினமும் அப்படித் தடிக் கையோட அது முன்னாடி போய் நின்னது யாரு? நான்தானே. மாமா விளையாட வந்துட்டான்னு ஓடி வந்துச்சு."

அவள் அவனுடைய மடங்காத விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ அதுக்குக் கோவமே இல்லையா?"

"இல்ல."

"அப்பா அடிச்சப்போகூடவா?"

தம்பி கூடத்தைப் பார்த்தான். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி கூடத்தில் நின்றிருந்தார். மெதுவாக வந்து மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பவும் இல்லம்மா," என்றார். "அப்பாவுக்குத்தான் பயம்."

அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை.