அங்கம்மாவின் நாய்வரி

அறுபத்தேழாம் ஆண்டில் எங்கள் கிராம சபைக்குப் பணம் எங்கெங்கிருந்து வந்தது என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். சந்தைக் குத்தகை, இறைச்சிக்கடை உரிமம், பெரிய காணிகளுக்கு ஏக்கர் வரி, சைக்கிளுக்கும் நாய்க்கும் ஆண்டு உரிமம். மீதி அரசாங்கம் தருவது. நான் அங்கே எழுதுவினைஞனாக இருந்தேன். அங்கம்மாவை எனக்குத் தெரிய வந்ததும் இந்தக் கணக்கு வழியாகத்தான்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்தவள் அவள். கணவன் இறந்தபின் மகள் மாரியாயியோடும் மருமகனோடும் லயத்து வரிசைவீட்டில் ஒரே காம்பிரா அறையில் இருந்தாள். இலங்கைக் குடியுரிமை கிடைக்காமல் எழுபத்திரண்டில் இந்தியாவுக்குப் போனார்கள். நான் எழுதுவது அதற்கு முந்திய ஒரு மழைக்காலத்தை.

லயத்துக்கும் எங்கள் பாதைக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் மேல் கிடந்த பலகைப் பாலம் முந்திய மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கரை தோட்டம், இந்தக் கரை சபை. பாலம் இருந்தால் பஸ்ஸுக்கு எட்டி நடந்தால் போதும். இல்லாவிட்டால் மலையைச் சுற்ற வேண்டும். மாரியாயிக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை குறுக்கே கிடந்து செத்துப் பிறந்ததால், இந்தப் பிள்ளையைப் பதுளை ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று தோட்டத்து டிஸ்பென்சர் சொல்லியிருந்தார்.

ஐப்பசியில் அங்கம்மா எங்கள் சபைக் கந்தோருக்கு வந்தாள்.

“வரி கட்டுறவங்களுக்குத்தான் பாலம்னு ஒங்க சபைத் தலைவரு சொன்னாராம். எனக்கு எவ்வளவு வரின்னு சொல்லுங்கய்யா. கட்டிப்புட்டுப் போறேன்.”

“உனக்கு வரி இல்லை. லயம் தோட்டத்துச் சொத்து. தோட்டத்துத் துரைதான் ஏக்கர் வரி கட்டுகிறார்.”

“அவரு கட்டுறது எங்களுக்கும் சேத்துத்தானுங்க?”

“அது நிலத்துக்கு.”

“நாங்க நிலத்துலதானுங்கய்யா நிக்கிறோம்.”

தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டம் இடம் தராது, செலவழித்தால் கணக்காய்வாளர் அதை உறுப்பினர்களின் சொந்தப் பையிலிருந்து அறவிடுவார் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “எங்ககிட்ட வாங்குற வரி ஒண்ணுகூடவா இல்ல?” என்றாள்.

பியோன் ஸரூக்குக்கு வாய் சும்மா இருக்காது. “சைக்கிள் இருக்கா புள்ள? இல்லாட்டி நாய் ஒண்டு கொண்டு வா. நாய்க்கு வரி வாங்குவோம்.”

அடுத்த வாரம் ஒரு செவலை நாயைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஸரூக் சிரித்துச் சிரித்து இருமினான். என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான். “நானா, வரி கட்டுறவங்க வந்திருக்காங்க!”

நாய்ப் பதிவில் சொந்தக்காரனின் குடியுரிமையைக் கேட்கும் இடம் இல்லை. பெயரும் இருப்பிடமும் போதும். பணத்தை வாங்கி, பற்றுச்சீட்டும் நாயின் கழுத்துக்குத் தகட்டு வில்லையும் கொடுத்தேன். சீட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த மாதக் கூட்டத்துக்கு வந்து, சீட்டைத் தலைவரின் மேசையில் விரித்தாள். “நானும் வரி கட்டிட்டேங்க.”

உறுப்பினர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. கெட்ட மனிதர் அல்ல அவர். “இது நாய்க்கு உள்ளது அம்மே,” என்றார் சிங்களம் கலந்த தமிழில். பாலத்தைப் பற்றித் தோட்டத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். அந்தப் பாலம் சபைப் பாதைக்குப் போவதால் அது சபையின் பொறுப்பு என்று துரையிடமிருந்து பதில் வந்தது. சபையோ தன் கரையில் மட்டும் வேலை செய்ய முடிந்தது. ஆகவே ஓடைக்கு இறங்கும் படிகளைச் சிமெந்தில் கட்ட முடிவு செய்தார்கள். கட்டியும் முடித்தார்கள். நல்ல படிகள். கணக்கில் ஒரு குறையும் இல்லை.

கார்த்திகைக் கடைசியில் ஓடை கரை புரண்டது. வலி கண்ட காலையில் மாரியாயியைக் கம்பளியில் கிடத்தி, அதைத் தடியில் கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். எதிரே எங்கள் புதுப் படிகளில் பாதி தண்ணீருக்குள் இருந்தன. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு மலையைச் சுற்றிப் புறப்பட்டார்கள். பாதி வழியில் பிள்ளை பிறந்தது. ஆண். தங்கவில்லை. தாய் பிழைத்தாள்.

ஜனவரியில் அங்கம்மா மறுபடியும் நாயோடு வந்தாள். ஸரூக் அவளுக்கு உட்கார வாங்குப் பலகையை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

“செவலைக்கு இந்த வருசத்துச் சீட்டு எடுக்கணுங்கய்யா.”

“இனி எதற்கு அங்கம்மா?”

“மாரிக்கு வயசு இருக்குல்ல. இன்னொண்ணு உண்டாகும்.”

அந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் டிசம்பரிலேயே நிறைவேறியிருந்தது. அதில் பாலம் இல்லை. அதை அவளிடம் சொன்னேன்.

“இருக்காதுன்னு தெரியுங்கய்யா,” என்றாள், முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. “நீங்க சீட்ட எழுதுங்க.”