ஒன்பது ஐந்துக்கு வரும் பெயர்

செத்துப்போன மனிதரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் வார்ப்பட ஃபவுண்டரியில், எனக்கு முன்னால் கணினிப் பிரிவில் இருந்தவர் புதுவாயல் திருப்பத்தில் லாரி மோதி இறந்துபோனார். எட்டு மாதமாக அவர் நாற்காலியில் நான். அவரை நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் அவரை ‘சிஸ்டம் சார்’ என்றுதான் கூப்பிட்டார்களாம். இப்போது என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் கணினிகள் எல்லாம் இணையத்துக்குப் போக ஒரே வாசல்தான், ப்ராக்ஸி சர்வர். பெயரும் பாஸ்வேர்டும் போட்டால்தான் உள்ளே விடும். யார், எத்தனை மணிக்கு, எந்தக் கணினியிலிருந்து வந்தார்கள் என்று லாக்கில் எழுதியும் வைக்கும். பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போடச் சொன்னார் மேலாளர். வெள்ளிக்கிழமை ஆடிட். “இல்லாதவன் ஐடி ஒண்ணு இருந்தாலும் உன் கான்ட்ராக்ட் அவ்ளோதான். அப்பறம் எங்கிட்ட வந்து நின்னுக்கினு இருக்காத” என்றார்.

புதியதை நிறுவினேன். ஓட மறுத்தது. அது உட்கார வேண்டிய இடத்தை, அதாவது போர்ட்டை, வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறதாம். பார்த்தால், பழையது. நிறுத்தினேன். ஒரு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி எழுந்தது. அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலை வரி வரியாகப் படித்தேன், சர்வரையே அணைத்துப் போட்டேன், புதியதைக் கழற்றி மறுபடி நிறுவினேன். ஊஹூம். பட்டப்பகலில், அத்தனை இரைச்சலுக்கு நடுவில், எனக்கு முதுகு சில்லிட்டது. இரண்டாம் நாள்தான் அகப்பட்டது. பழையது நின்றால் உடனே எழுப்பிவிட அந்த மனிதர் குட்டியாக ஒரு நிரல் எழுதி மூலையில் வைத்திருந்தார். அடப்பாவி மனுஷா, போகும்போது இதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று வாய்விட்டே திட்டினேன். நிரலை அழித்ததும் புதியது ஓடியது. பழைய பெயர்ப் பட்டியலை அப்படியே அதில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வந்து லாக்கைத் திறந்தேன். ஒன்பது ஐந்து. அவர் பெயர். உள்ளே வந்திருக்கிறார்.

பழைய லாக்கையும் தோண்டினேன். எட்டு மாதமாக, வேலை நாள் தவறாமல், ஒன்பது ஐந்துக்கு அதே பெயர். பயந்தேன், மறைக்க என்ன இருக்கிறது? பயம் தெளிந்ததும் ஆத்திரம் வந்தது. அந்தப் பெயருக்கு எந்தத் தளத்திலும் தடை கிடையாது. எவனோ அதை வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறான், மாட்டப்போவது நான். பெயரை அழித்தேன். அதோடு விட்டேனா? தவறான பெயர் போட்டால் திரையில் வரும் ஆங்கிலப் பக்கத்தை எடுத்துவிட்டு, அவனுக்கு உறைக்கட்டும் என்று தமிழில் நானே எழுதி வைத்தேன்: ‘இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.’

அடுத்த நாள் ஒன்பது ஐந்துக்கு அந்தப் பெயர் வந்தது. நான்கு முறை மறுக்கப்பட்டிருந்தது. ஆத்திரத்தில் முந்தின நாள் பார்க்கத் தோன்றாததை, எந்தக் கணினி என்பதை, இப்போதுதான் பார்த்தேன்: டைம் ஆபீஸ். கையும் களவுமாகப் பிடிக்க ஓடினேன்.

உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி. அவர் இறந்த பிறகு கம்பெனி அந்த அம்மாவுக்கு வருகைப் பதிவு வேலை கொடுத்திருந்தது. திரையில் நான் எழுதிய வாக்கியம்.

“இன்னா சார், எட்த்துட்டீங்களா?”

“உங்களுக்குத் தனி ஐடி குடுத்திருக்காங்களே மேடம்.” திட்டுவதற்கென்று கொண்டுபோன குரல் எங்கே போயிற்றோ.

“குட்த்தாங்க சார். வேலைக்கு அத்தத்தான் போடுவேன். வந்ததும் மொதல்ல ஒரு தபா அவரு பேர அடிச்சிட்டு, அப்பறந்தான் என்னுது.” விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “கட்டிக்கினதுலேர்ந்து அவரு பேர நான் வாயால சொன்னதில்ல. புருசன் பேரச் சொல்லக்கூடாதுன்னு வளத்துட்டாங்க. இப்ப ஊட்ல யாருமே சொல்றதில்ல, கொயந்த அயுவுதுன்னு. கையால அடிக்கறதுல தப்பில்லதான சார்?”

என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. திருப்பிப் போட முடியுமா என்று கேட்டார். ஒரு நிமிட வேலை. “ஆடிட் இருக்கு மேடம்” என்றேன். “வோணாம் சார், உடுங்க, உங்களுக்கு எதுக்கு பேஜாரு” என்று அவரே சொல்லிவிட்டார்.

திரும்பி வந்து முதல் வேலையாக அந்த வாக்கியத்தை அழித்து, பழைய ஆங்கிலப் பக்கத்தையே வைத்தேன். ஆடிட் நல்லபடியாக முடிந்தது. கான்ட்ராக்டையும் நீட்டித்தார்கள். ஆனால் அந்த அம்மா நிறுத்தவில்லை. தினமும் ஒன்பது ஐந்துக்கு அந்தப் பெயர் வரும், மறுக்கப்படும், அடுத்து அந்த அம்மாவின் சொந்தப் பெயர். மறுக்கப்பட்டவற்றை எந்த ஆடிட்டும் கேட்பதில்லை. அந்த வரி விழும்வரை எனக்கு வேலை ஓடாது. என்ன பிழைப்பு இது என்று தோன்றும், ஆனாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஒரு நாள் வரவில்லை. ஒன்பது பத்து ஆயிற்று, ஒன்பது இருபது ஆயிற்று. டைம் ஆபீஸுக்கு போன் போட்டேன். மேடம் லீவு, குழந்தைக்குக் காய்ச்சலாம். போனை வைத்துவிட்டு, என் கணினியில் அந்தப் பெயரை நானே அடித்தேன். அனுமதி இல்லை என்றது. லாக்கில் வரி விழுந்துவிட்டதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.